மேலோடைதான் எல்லை

மாலை வகுப்புக்கு நான் ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. மிஷன் பள்ளியில் வாரம் நான்கு நாள் சுகாதார உதவியாளர் பயிற்சி. சைக்கிளில் நாற்பது நிமிடம். அந்த சைக்கிள் எங்கள் ஊர்ப் பெரியவர் மாஸி ஒன்வுபிகோ கொடுத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம் என்று நினைக்கிறேன்.

காரணம் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நீளமாகச் சொல்கிறேனா என்று தெரியவில்லை. தேவையில்லாததை வெட்டிவிடுங்கள்.

எங்கள் ஊர் உமுசோராவுக்கும் பக்கத்து ஊர் அமாடிமுக்கும் இடையில் இரண்டு ஓடைகள். எங்கள் பக்கம் மேலோடை, அவர்கள் பக்கம் கீழோடை. நடுவில் நல்ல கிழங்கு நிலம். எந்த ஓடை எல்லை என்பதுதான் சண்டை. இரண்டு ஊரும் இரண்டு மாநிலத்தில் இருப்பதால் அது மாநில எல்லையும்கூட.

ஒன்பது வருடம் முன்பு விசாரணை நடந்தபோது என் அப்பா எஜிகே எழுந்து, மேலோடைதான் எல்லை, நடு நிலம் அமாடிமுடையது என்றார். சொந்த ஊருக்கு எதிராகச் சாட்சி. ஊர் எங்களை ஒதுக்கிவைத்தது. எங்களோடு யாரும் பேசக்கூடாது, விற்கக்கூடாது, வாங்கக்கூடாது.

நான்காம் வருடம் அப்பாவுக்கு வயிற்றுவலி வந்தது. ஊரில் வண்டி வைத்திருந்தவர் மாஸி ஒன்வுபிகோ மட்டும்தான். போய் நின்றேன். ஒதுக்கிவைத்தவனிடம் நேராகப் பேசக்கூடாது என்பதால் அவர் தன் ஆட்டிடம் பேசினார்.

"ஏ ஆடே, எஜிகே மகன் வந்து நின்னா, வண்டியில டீசல் இல்லைன்னு சொல்லு. நெலத்தத் தூக்கிக் குடுத்தாருல்ல, அமாடிம்காரன்கிட்டயே வண்டியும் கேக்கச் சொல்லு."

முற்றத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆடு தழை தின்றுகொண்டிருந்தது. அப்பாவை மண் தள்ளும் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பெரிய சாலையை எட்டும் முன்பே அவர் இறந்துவிட்டார்.

அப்பா போன பிறகு ஒதுக்கல் நீங்கியது. மாஸி என்னை மகனே என்று கூப்பிட ஆரம்பித்தார், சைக்கிள் கொடுத்தார். ஆட்டிடம் பேசியது அவருக்கு நினைவில்லை என்றே நினைக்கிறேன். நான் அதைப் பற்றி ஒருமுறையும் கேட்கவில்லை.

போன வருடம் தலைநகர் அபூஜாவிலிருந்து வந்த அதிகாரிகள், உங்கள் வழக்கப்படி நீங்களே முடிவு செய்யுங்கள், அங்கே எல்லைக் கல் நடுகிறோம் என்றார்கள். எங்கள் வழக்கம் சத்தியம். புதுக்கிழங்குத் திருநாளுக்கு மறுநாள் மாஸி ஊருக்காக மண்டியிட்டார். நடு நிலத்து மண்ணை நாக்கில் வைத்துக்கொண்டு, இது எங்கள் மண் இல்லையென்றால் அடுத்த திருநாளுக்குள் நிலத்தாய் ஆலா என்னை எடுத்துக்கொள்ளட்டும் என்றார். குரல் நடுங்கவில்லை. உயிரோடு இருந்தால் கீழோடை எல்லை. செத்தால் மேலோடை.

அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. இயற்கையாக நோய் வந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது, யாராவது விஷம் வைத்தால் என்ன செய்வது என்று இரண்டு ஊரும் வாதாடின. கடைசியில் வாரம் ஒருமுறை அவர் உடல்நிலையைப் பதிவு செய்ய ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். உமுசோராவுக்கு நான் சொந்தப் பிள்ளை. அமாடிமுக்கு நான் உண்மை சொன்ன எஜிகேயின் மகன். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரே பெயர் என்னுடையது.

மாஸி, தன் மனைவி அதாகு கையால் மட்டும் சாப்பிட்டார். ரத்த அழுத்த மாத்திரை மட்டும் என் கையால், வாரத்துக்கானதை டப்பாவில் போட்டு வைப்பேன்.

"எனக்கு விஷமெல்லாம் எதுக்கு தம்பி, அதாகு வைக்கிற சூப்பே போதும்" என்பார்.

"அப்போ நாளையிலருந்து ஆட்டுக்கு வைக்கிறதையே உங்களுக்கும் வைக்கிறேன்" என்று அதாகு அக்கா உள்ளேயிருந்து சொல்வார்.

நான் அவருக்கு விஷம் எதுவும் கொடுக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். டப்பாவில் இருந்த வெள்ளை மாத்திரைகளை எடுத்துவிட்டு, அதே அளவில் வேறு வெள்ளை மாத்திரைகளை வைத்தேன். யாருக்கும் கெடுதல் செய்யாதவை. கர்ப்பிணிகளுக்குக்கூடக் கொடுக்கிறார்கள். பொய்ச் சத்தியம் செய்தவர் சாகவேண்டும். அதற்குக் குறுக்கே ஒரு மாத்திரை நின்றது. அதை விலக்கினேன்.

சத்தியம் பொய்தானா என்ற சந்தேகம் எனக்கு வந்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் வருகிறது. மாத்திரைகளை இரண்டு முறை எண்ணுவேன். அழுத்தம் நூற்று எழுபது காட்டியபோது கருவி பழுதோ என்று மறுபடி அளந்தேன். நூற்றுத் தொண்ணூறு காட்டியபோது மூன்று முறை அளந்தேன். ஊர்ப் பதிவேட்டில் நூற்று நாற்பது என்று எழுதினேன். உண்மையான எண்களை என் சொந்த நோட்டில் எழுதினேன், ஏனென்றால் தவறான பதிவு எனக்குப் பிடிக்காது. அந்த நோட்டை வீட்டுப்பாட நோட்டுகளோடு சேர்த்து ஆசிரியையிடம் கொடுத்துவிட்டது என் கவனக்குறைவு.

திருநாளுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, பதிவு எடுக்க நான் போன மதியம், அவர் முற்றத்தில் விழுந்தார். வலது பக்கம் செயலிழந்தது. பேச்சு போனது. ஊரே வேலிக்கு வெளியே கூடியது. ஒருவரும் உள்ளே வரவில்லை.

"ஆலா புடிச்சிட்டா. தொட்டா நம்மளையும் சேத்துப் புடிப்பா."

அவருடைய வண்டி முற்றத்திலேயே நின்றது. ஓட்ட ஆள் இல்லை. அதாகு அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "யாராவது ஒருத்தர் வாங்க, ஒரே ஒருத்தர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இருட்டும் முன் அக்காவின் அண்ணன்மார் வந்து வெளியிலிருந்தபடியே அவரைக் கூப்பிட்டார்கள். வராவிட்டால் பிறந்த வீடும் இல்லை என்றார்கள். அக்கா என்னைப் பார்த்தார்.

"நீ படிச்சவன். பாத்துக்குவியா?"

"பாத்துக்கிறேன் அக்கா."

அக்கா அவர்களோடு போனார். நான் மாஸியை உள்ளே கிடத்தினேன். வாயைத் தண்ணீரால் நனைத்தேன். அழுத்தம் அளந்தேன். மணிக்கு ஒருமுறை எழுதினேன். அவர் கண் என் பின்னாலேயே வந்தது. ஒருமுறை என் சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன், கடுமையாக இல்லை.

நான் ஒரு வார்த்தையும் பழித்துப் பேசவில்லை. அப்பாவைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. எல்லை சரியான இடத்தில் விழவேண்டும், அவ்வளவுதான் என் நோக்கம். அப்பா சொன்ன இடத்தில் இப்போது அரசாங்கக் கல் நிற்கிறது. உமுசோராவின் நாற்பது குடும்பங்களுக்குக் கிழங்கு நட இடமில்லை. இன்னும் ஒன்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, அது யாருக்கும் தெரியாது.

மாஸி விழுந்த மறுநாள் காலை எட்டு ஐம்பதுக்கு ஒரு வண்டி வந்தது. அமாடிம் நர்ஸ் உலோமா, கூட இரண்டு இளைஞர்கள், தூக்குவதற்கு ஒரு படுக்கை. நான் வாசலில் நின்றேன்.

"உள்ளதான இருக்காரு? தள்ளு தம்பி. உங்க ஊர்க்காரங்க தொடமாட்டாங்களாமே. எங்களுக்கு இந்தச் சத்தியம் ஒட்டாது."

"பொழைச்சா நெலம் உங்களுக்கு வராதே அக்கா."

"வராட்டிப் போகட்டும். ஒரு மனுஷனைச் சாகவிட்டுத்தான் கிழங்கு திங்கணுமா? தள்ளு."

"போயிட்டாரு" என்றேன்.

"எப்போ?"

"விடியறதுக்கு முன்னாடி."

அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். இளைஞர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். உலோமா என் தோளைத் தொட்டு, "பாவம், ராத்திரியெல்லாம் தனியா இருந்தியா" என்றார். கதவு பலகைக் கதவு. எங்கள் பேச்சு முழுவதும் உள்ளே கேட்டிருக்கும். பாயில் கை தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர்களுக்குக் கேட்காமல் இருக்க இருமினேன்.

வண்டி போனது. உள்ளே வந்து உட்கார்ந்தேன். மாஸி அதன் பிறகு என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு இறந்தார்.

உலோமாவிடம் சொன்னதைப் பொய் என்று எழுதவேண்டாம், ஐயா. நேரத்தில் மட்டும்தான் ஒரு பத்து மணி நேரம் பிசகு, அதையும் என் நோட்டில் திருத்தி எழுதிவிட்டேன்.