மாநாட்டில் ஒரு சஹன்

“சனிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பின், கல்முனை–அக்கரைப்பற்று பஸ்” என்று டிக்கெட்டின் பின்புறம் குறித்து வைத்திருக்கிறேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மக்கள் தொடர்பு நிறுவனமொன்றில் பயிற்சிக்கு இருப்பவள். அன்றைய அரிசி ஆலைக்காரர் மாநாட்டில் சாப்பாட்டு ஏற்பாட்டைக் கவனித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

“ராத்தா, கோட்டுப் போட்ட ஆறு பேர ஒரே சஹன்ல இருத்திட்டன்!”

“ஒரு தட்டச் சுத்தி ஆறு பேர் திங்க அது என்ன கலியாண ஊடா?”

“சமையல்காரர் எத்தின சஹன் எண்டு கேட்டாரு. பழக்கத்தில பத்து எண்டுட்டன்.”

மூத்தவளான ராத்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சிரிக்காதீங்க. என்ன நிரந்தரமாக்கிறதா, அனுப்பிறதா எண்டு மேடம் முடிவெடுக்கிற நாள் இண்டைக்கி. அந்தச் சஹன்ல ஆரு தெரியுமா? மேடையில மொகம் பாக்காத ரெண்டு மில் முதலாளிமார்!”

“அல்லாஹ்! எழும்பிட்டாங்களா?”

“பசியில எங்க எழும்புற? கொஞ்சத்தால ஒராள் கோழித் துண்ட மத்தவர்ர பக்கம் தள்ளினாரு. அவரு திருப்பித் தள்ளினாரு. திரும்பவும் இவரு! நான் போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பிட்டன்.”

போன் அடித்தது. அவள் ஓடும் பஸ்ஸில் எழுந்தே நின்றுவிட்டாள்.

“ஓம் மேடம்... நிரந்தரமாவா?... அடுத்த மாநாட்டுக்கும் சஹனே சொல்லவா?”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று ராத்தா போட்ட சத்தத்தில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

நிந்தவூரில் இருவரும் இறங்கும்போதுதான் ராத்தா கேட்டாள்: “கடைசியில அந்தத் துண்ட ஆரு திண்ட?”

பதில் என் காதில் விழுமுன் பஸ் புறப்பட்டுவிட்டது. அது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.