ரீல் மாற்றும் நேரம்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு விடுமுறை. சுத்தியல் சத்தம் இருக்காது. நாமக்கல்லில் பழைய படம் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது, இன்ஸ்பெக்டர் அம்மா.

என்னிடம் ஒரு பழைய புரொஜெக்டர் இருக்கிறது. டூரிங் கொட்டகைக்காரர்களிடமும் பழைய சாமான் கடைகளிலும் தேடிப் பொறுக்கிய கறுப்பு வெள்ளைப் படங்களும் கொஞ்சம் கார்ட்டூன்களும் இருக்கின்றன. என் மனைவி கலைமணி அந்த அறைக்குள் வரமாட்டாள். வளையல் குலுங்கினால்கூட நான் முறைக்கிறேனாம். அவளுடைய அண்ணன் தனசேகர்தான் என்னோடு உட்காருவார்.

மச்சான் நல்ல மனிதர். கோழிப்பண்ணை வைத்திருந்தார். அந்தத் தூசியில் இளைப்பு வந்துவிட்டது. படம் ஓடும்போது இருமுவார். இளைப்புக்கான மருந்து பம்பை வாயில் வைத்துப் புஸ்ஸென்று அடிப்பார். மூச்சு வந்ததும் நாயகி பேசப்போகும் வசனத்தை அவளுக்கு முன்னால் தானே பேசிவிடுவார். எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிடும். எழுந்து ஃபோகஸைத் திருகுவேன், உட்காருவேன், மறுபடி எழுவேன். ஒரு படத்தை நிம்மதியாகப் பார்த்து வருடங்கள் ஆகிவிட்டன.

அன்று கலைமணி உறவில் ஒரு வளைகாப்புக்காகப் பள்ளிபாளையம் போயிருந்தாள். நான் வெகுகாலம் தேடிய படம் ஒன்று கைக்கு வந்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு கார்ட்டூன் போட்டேன். யானைக்குட்டி சலூனுக்குப் போய் முடிவெட்டிக்கொள்ளும் கதை. மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பில் போய் நின்றது. அதற்குள் படம் ஓட ஆரம்பித்திருந்தது. அதில் நல்ல பாட்டு ஒன்று, முதல் ரீலிலேயே வந்துவிடும்.

"மாப்ள, பம்பக் காணோமுங்க. சட்டைலதான வெச்சிருந்தேன்," என்றார்.

"பாட்டு முடியட்டும் மச்சான். நடுவுல நிறுத்துனா ஃபிலிம் கருகிப் போயிருமுங்க."

பொய் இல்லை. ஓடுகிற ஃபிலிமை நிறுத்தினால் விளக்குச் சூட்டில் வெந்துவிடும். அவர் என் கையைப் பிடித்தார். மெதுவாக விலக்கினேன். எழுந்து கதவுவரை போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் போன் அடித்தது. அவருடைய மகள் அபிநயா. எடுத்து அணைத்து வைத்தேன்.

ரீல் மாற்றும்போது மெஷின் நின்றுதானே இருக்கும் என்று கேட்கிறீர்கள். ஆமாம், நின்றது. படத்துக்கு மூன்று ரீல், ஆகவே இரண்டு முறை நின்றது. விளக்கைப் போட்டுத்தான் மாற்றினேன். இரண்டாம் தடவை அவர் உதடு நீலமாக இருந்ததைப் பார்த்தேன்.

"ஆசுபத்திரி... சாமி," என்றார். கடவுளை அல்ல, என்னைத்தான் கூப்பிட்டார். எங்கள் பக்கம் பெரியவர் சிறியவர் எல்லோரையும் அப்படித்தான் அழைப்போம்.

"இதுதானுங்க கடைசி ரீலு," என்று சொல்லி விளக்கை அணைத்தேன்.

பம்ப் அடுக்களையில், புளி ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது. உங்கள் ஆட்கள் அங்கே தேடவில்லை போலிருக்கிறது. மதியம் அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கை கழுவப் போனபோது நான்தான் எடுத்து வைத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அந்த ஒரு படத்துக்காவது புஸ் சத்தம் வேண்டாமே என்று நினைத்தேன்.

படம் முடிவதற்குள் இளைப்பு அடங்கிவிட்டது. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு இல்லை. நான் பயப்படவில்லை. ஆனால் ஒரு குறை இருந்தது. அவர் இழுத்த இழுப்பில் பாட்டு சரியாகக் காதில் விழவில்லை. முதல் ரீலைச் சுற்றி மறுபடி மாட்டினேன். ஆம்புலன்சுக்கு அதன் பிறகுதான் சொன்னேன்.

அதைத்தான் நீங்கள் தாமதம் என்கிறீர்கள். மச்சானுக்கும் அந்தப் பாட்டு உயிர், இன்ஸ்பெக்டர் அம்மா. நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, முழுசாகக் கேட்கவைத்துத்தான் அனுப்பினேன்.