கோதுமை படாத மாவு

இல்லைண்ணே, மேல தூசி தட்டினா போதாது. கழட்டுங்க. கல்லை வெளிய எடுங்க. மாவு வந்து விழுற அந்தத் துணிக்குழாய் இருக்கு பாருங்க, அதையும் அவுத்துப் போடுங்க. புதுசு நானே தெச்சுக் கொண்டாந்திருக்கேன், இந்தாங்க. துவைச்சுக் காய வெச்ச துணிதான். உங்க பழைய துணியில எந்தக் காலத்துக் கோதுமை ஒட்டியிருக்கோ, யாரு கண்டா.

என்னது, கழட்டி மாட்டுறதுக்குத் தனிக் காசா? அடேங்கப்பா! நீங்க இந்த மில்லை எடுத்து ஒரு மழைக்காலம் கூட முழுசாப் போகலை, அதுக்குள்ள இந்தப் பேச்சா? என் கேன்டீனுக்கு மூட்டை மூட்டையா அரைக்கிறது யாருகிட்ட? உங்ககிட்டதான? பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு மில்லு இருக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஆங்... சிரிச்சுட்டீங்க. சிரிச்சுட்டா பேரம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். கழட்டுங்க. நான் இந்தச் சோள மூட்டை மேல உக்காந்துக்கறேன்.

வீட்டுல விருந்தாளி, அதான் விஷயம். என் நாத்தனார். எங்க வீட்டுக்காரரோட கூடப் பொறந்த தங்கச்சி. அவளுக்குக் கோதுமை ஆகாது. ஆகாதுன்னா ஏதோ ஏப்பம் வருது, வயிறு உப்புதுன்னு இல்லைண்ணே. கோதுமையில க்ளூட்டன்னு ஒண்ணு இருக்காம். நான் முதல்ல ஏதோ மாத்திரை பேருன்னு நெனச்சேன். மாவு பிசைஞ்சா கையில இழுபடுது பாருங்க, அந்தப் பசைதானாம். அது ஒரு துளி உள்ள போனாக்கூட அவ குடலு தன்னைத்தானே அரிச்சுக்குமாம். திங்கிறது எதுவும் உடம்புல ஒட்டாது. முன்னாடி அரைச்சவங்க மாவு கொஞ்சம் அடுத்தவங்க மாவோட வர்றது இந்தத் தொழில்ல இருக்கறதுதான். மத்தவங்களுக்கு அது ஒண்ணும் பெருசில்லை. அவளுக்கு அந்தக் கொஞ்சமே விஷம்.

அதோட விட்டாளா? பாலு வேணாம், நெய் வேணாம், வெண்ணெய் வேணாம், முட்டை கண்ணுலயே காட்டக் கூடாது. வீகனாம். இது நோய் இல்லை, இவளாப் பிடிச்ச பிடிவாதம். உசுருள்ள எதையும் வருத்தி வர்றதைத் திங்க மாட்டாளாம். தேன் கூட வேணாங்கறா. கேட்டா தேனீ பாவமாம். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு சிரிப்பு! தேனீ மேலல்லாம் இரக்கம் வருது மகராசிக்கு. என் மேல மட்டும் அது வரவே இல்லை.

சமையலா? கேளுங்க. மரக்கரண்டி எல்லாம் புதுசு, பழசுல கோதுமை ஊறியிருக்கும்னு. தோசைக்கல்லு மாதிரி தட்டையாக் கிடந்த என் பழைய ரொட்டிக் கல்லைப் பரண்ல ஏத்திட்டு வேற வாங்கினேன். சோயா சாஸ்ல கூடக் கோதுமை இருக்காமே, தெரியுமா உங்களுக்கு? எனக்கே இப்பதான் தெரியும். க்ரீமுக்குப் பதிலா முந்திரியை ஊற வெச்சு அரைச்சு ஊத்தினேன். பூசணிக்காயைத் தேங்காப்பால்ல வேக வெச்சேன். சோள மாவுல ரொட்டி, அது பிசையும்போதே பொலபொலன்னு உதிரும்ணே, வெந்நீரை விட்டு விட்டுக் கெஞ்சிக் கூத்தாடிச் சேத்துப் பிடிக்கணும். அரிசி மாவும் வாழைப்பழமும் போட்டு, முட்டையே இல்லாம கேக்கு. முதல் கேக்கு செங்கல்லு. ரெண்டாவது களிமண்ணு. அதுக்கப்புறம் வந்தது பஞ்சு. விடுவேனா நான்? சந்தை முடியிற நேரத்துல வாடின காயைப் பேரம் பேசி வாங்கிட்டு வந்து, ஒரே அடுப்புல கட்டடத்து ஆளுங்களுக்குச் சோறாக்கி மேல வந்தவ நான்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஓ. இந்தம்மா பேசுற பேச்சுக்கு, கோதுமையைக் கலந்து குடுத்துடுமோன்னு பாக்கறீங்களா? நல்ல ஆளுண்ணே நீங்க! கலக்கறதுன்னா நான் எதுக்கு விடிஞ்சதும் விடியாததுமா இங்க வந்து உக்காந்து, உங்க கல்லைக் கழட்ட வெக்கணும்? நீங்க அரைச்ச மாவை அப்படியே வாங்கிட்டுப் போயிருந்தா காரியம் முடிஞ்சுது. இல்லைண்ணே. எனக்கு அவ நல்லா இருக்கணும். தெம்பா இருக்கணும். நிமிந்து உக்காரணும். காது நல்லாக் கேக்கணும்.

அங்க, அந்த மூலையில வெள்ளையா இருக்கு பாருங்க. பிரஷ்ஷை விட்டுத் தேயுங்க.

இந்த ஏரியாவுக்கு நீங்க புதுசு, அதான் தெரியலை. இல்லைன்னா இந்நேரம் யாராவது வந்து உங்க காதுல ஓதியிருப்பாங்க. மாமியாரைச் சோத்துலயே முடிச்சவ இவதான்னு. ஆமா, என்னைத்தான். அதிர்ச்சியாகாதீங்க, ஸ்க்ரூ கீழ விழுந்துடப் போவுது.

என் மாமியார் எங்க கூடத்தான் இருந்தாங்க. வாய் கொஞ்சம் நீளம், ஆனா எனக்குப் பிடிக்கும். எனக்கும் வாய் நீளம்தானே. நல்லா இருந்த மனுஷி, ஒரு கட்டத்துல இளைக்க ஆரம்பிச்சாங்க. வயிறு மட்டும் உப்பும், கையும் காலும் குச்சி. முகத்துல ரத்தமே இல்லை. சாப்பிட்டது நிக்கலை. பாக்காத டாக்டர் இல்லை. ஒருத்தர் புண்ணும்பாரு, ஒருத்தர் புழும்பாரு, ஒருத்தர் வயசும்பாரு. அப்பதான் இவ பெட்டியைத் தூக்கிட்டு வந்து இறங்கினா, அம்மாவைப் பாத்துக்கறேன்னு. வந்த அன்னிக்கே என் அடுப்பைத் தடுத்துட்டா. அண்ணி சமைச்சது எதுவும் அம்மாவுக்கு வேணாம், நானே பாத்துக்கறேன்னு. நான் நூறு பேருக்குச் சமைக்கிறவ. என் வீட்டுல, என் மாமியாருக்கு, ஒரு வாய் சோறு நான் குடுக்கக் கூடாது. அவங்க கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து, என்னம்மா வாசனைன்னு கேப்பாங்க. இவ கதவைச் சாத்துவா.

கிழவி போய்ச் சேந்துட்டாங்க.

துக்கத்துக்கு வந்தவங்களுக்கு நான்தான் ஆக்கி வெச்சேன். கூடம் நிறையச் சனம். யாரும் பசியோட போகக் கூடாதுன்னு அழுதுகிட்டே கிண்டினேன். இவ வந்தா. பாத்திரத்தை ரெண்டு கையாலயும் தூக்கினா. அத்தனை பேர் பாக்க, சாக்கடையில கவுத்தினா. அம்மா சாப்பாட்டுல ஏதாவது இருந்திருக்கலாம், எதுக்கும் நீங்க யாரும் சாப்பிடாதீங்கன்னா. கவனிச்சீங்களா, இருந்திருக்கலாம்! இருந்துச்சுன்னு சொல்லியிருந்தா முடியைப் பிடிச்சிருப்பேன், போலீசுக்குப் போயிருப்பேன், ரெண்டுல ஒண்ணு பாத்திருப்பேன். ஒரு லாம் போட்டா. அந்த லாமை எங்கண்ணே போய்ப் பிடிக்கிறது? அது காத்து மாதிரி தெருத்தெருவாப் போச்சு. சாப்பாடு வாங்கிட்டிருந்த ரெண்டு ஆபீசு நின்னு போச்சு. என் பொண்ணைக் கேட்டு வந்தவங்க தண்ணி குடிக்கக் கூட உக்காரலை. எங்க வீட்டுக்காரரு அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கொஞ்ச நாளு வெளிய சாப்பிட்டு வந்தாரு. அவ்வளவுதான். அது போதாதா?

திரும்ப எழுந்தேன். எழாம? பேரம் பேசிப் பேசி, ஓசியில ருசி காட்டி, ஒவ்வொரு கதவாத் தட்டி ஏறினேன். ஆனா ஏறின இடத்துலயும், எவனாவது என் சாப்பாட்டை வாயில வெக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிச்சான்னா, எனக்கு அந்த லாம்தான் காதுல விழும். அதை அழிக்கணும்ணே. செத்தாலும் அந்தப் பேரோட சாகக் கூடாது.

இப்ப இங்க எதுக்கு வந்தாளா? விதி. பெரிய ஆஸ்பத்திரி இந்த ஊர்லதான இருக்கு. வைத்தியத்துக்கு வந்து முதல்ல லாட்ஜுல தங்கினா. ஓட்டல்காரன் சத்தியம் பண்ணி ஒரு சூப்பு குடுத்தான், குடிச்சுட்டு ரெண்டு நாளு சுருண்டு கிடந்தா. நம்பி ஒரு வாய் வெக்க ஊர்ல இடம் இல்லை. எங்க வீட்டுக்காரரு தயங்கித் தயங்கி என்கிட்ட வந்து, உன்னால முடியுமான்னாரு. கூட்டிட்டு வாங்கன்னேன். உடனே சொன்னேன். அவரு பயந்துட்டாரு.

முதல் வேளை தட்டைப் பாத்துட்டே உக்காந்திருந்தா. நான் எதிர்ல உக்காந்து, அதே பாத்திரத்துல இருந்து எடுத்து நான் தின்னு காட்டினேன். அப்புறம்தான் கை வெச்சா. மறுநாளு கேக்காமலே சாப்பிட்டா. அதுக்கடுத்த நாளு, அண்ணி அந்தச் சோள ரொட்டி இன்னொண்ணு இருக்கான்னா. இருந்துச்சு. இல்லாமப் போகுமா? இப்ப கன்னத்துல சதை பிடிச்சிருக்கு. புருஷனுக்குப் போன் போட்டு, அண்ணி கை மாதிரி வராதுங்கன்னு சொல்றா, நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன்.

நேத்து பாத்திரம் தேச்சுக் குடுக்க வந்தா. வேணாம்னாலும் கேக்கலை. தேச்சுகிட்டே, அம்மாவுக்கும் இந்த மாதிரி பக்குவமாக் குடுத்திருந்தா இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பாங்க அண்ணின்னா. கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சுண்ணே. பல்லைக் கடிச்சுகிட்டேன். ஒத்தை ஆளு முன்னாடி கடை விரிக்கிறவளா நான்? அன்னிக்குக் கூடம் நிறைய ஆளு இருந்துச்சு. இன்னிக்கும் இருக்கணும்.

ஆமா, இன்னிக்கு மத்தியானம்தான். அவ நாளைக்குக் கிளம்புறா. அதனால எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கேன். அன்னிக்குக் கூடத்துல இருந்தவங்க ஒருத்தர் விடாம. கொழுந்தன் குடும்பம், மாமனாரோட தம்பி, அந்தப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா கூட. எல்லாருக்கும் அவ சாப்பிடற சாப்பாடுதான். எங்க வீட்டுக்காரரு ராசியாகிட்டோம்னு நெனச்சு பூ வாங்கிட்டு வந்திருக்காரு, பாவம்.

மாட்டியாச்சா? சரி, இப்ப போடுங்க. முதல் படி மாவு எனக்கு வேணாம், தனியா எடுத்து உங்க கோழிக்குப் போட்டுடுங்க. அதுக்கப்புறம் வர்றதுதான் என் பைக்கு.

என்ன சொல்லப் போறேனா? மெஷின் சத்தத்துல சரியாக் கேக்கலை, இப்படி வந்து நில்லுங்க. ஆஸ்பத்திரிக்கு அவ கூட நான்தான் போனேன். அவளை ரத்தம் எடுக்க உள்ள கூட்டிட்டுப் போனப்ப, டாக்டரு என்கிட்ட சொன்னாரு, இது குடும்பத்துல ரத்த வழியா வர்ற வியாதிம்மா, அண்ணனையும் பாத்துடுங்கன்னு. பாத்தாச்சு, அவருக்கு இல்லை. நான் அப்பவே கேட்டேன், இவங்க அம்மா இப்படி இப்படி இருந்தாங்களே, வயிறு உப்பி, ரத்தம் இல்லாம, அதுவும் இதுதானான்னு. அவரு பேனாவை மூடி வெச்சாரு. இப்ப உறுதியாச் சொல்ல முடியாதும்மா, ஆனா இதுவா இருக்கலாம்னாரு.

இருக்கலாம்! எனக்கு அந்த லாம் போதும்ணே. அவ குடுத்ததும் அதே சரக்குதான.

என்ன ஆகாரம்னு கேக்கறீங்களா? என் அடுப்பைத் தடுத்துட்டு அவங்கம்மாவுக்கு அவ என்ன குடுத்தான்னா? கோதுமைக் கஞ்சி. வயித்துக்கு இதம்னு. மூணு வேளையும் அதேதான். மடியில சாச்சு வெச்சு, ஸ்பூன்ல ஊட்டுவா. வேணாம் வேணாம்னு தலையை ஆட்டினாலும் கொஞ்சிக் கொஞ்சி ஊட்டுவா. நான் ஆக்கின அரிசிச் சோறு கதவுக்கு வெளிய ஆறிப் போய்க் கிடந்துச்சு.

தெரியாமதான் குடுத்தா. அது எனக்குத் தெரியாதா? திட்டல்லாம் மாட்டேன்ணே. எல்லார் முன்னாடியும் அவளைக் கட்டிப் பிடிச்சுகிட்டு, அம்மாவுக்கும் இதே வியாதி இருந்திருக்கலாம், நீ தெரியாமதான் கோதுமையை ஊட்டுனே கண்ணு, உன் மேல தப்பே இல்லைன்னு சொல்லப் போறேன். பையைக் கொஞ்சம் தூக்கி விடுங்க. அவ சாப்பிட்டுக் கை கழுவ எழுந்திரிக்கிறதுக்குள்ள சொல்லிடணும்.