அழித்த ஒரு வரி

இந்த நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது, ஐயா. எங்கள் அலுவலகத்தில் ஒன்பது வருடம் கேட்டும் இப்படி ஒன்று வாங்கித் தரவில்லை.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தனியாக இருக்கும் நோயாளிகளின் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். நெஞ்சு வலித்தால் அழுத்துவார்கள். அது எங்கள் சர்வரைப் பெயர் சொல்லித் தேடி வந்து, சான்றிதழைப் பார்த்து, சரியான இடம்தான் என்று தெரிந்த பிறகே சேதியைக் கொடுக்கும். உடனே ஆம்புலன்ஸ் கிளம்பும். அந்தச் சான்றிதழுக்குக் கெடு உண்டு. கெடு முடியும் முன் புதுப்பிப்பது என் பொறுப்பு. ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. பிசகாத வேலை யார் கண்ணிலும் படாது.

பிறகு புயல் வந்தாள். அவள் வேகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. கெட்டிக்காரி. சான்றிதழ் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி ஒரு நிரல் எழுதினாள். மேலாளர் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார்.

"இனிமே இதுக்குன்னு ஒரு ஆள் உக்காந்திருக்க வேணாம். உங்களுக்கும் நிம்மதி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குக் கோபமில்லை. ஒரு மனிதக் கண் தேவை என்று அவர்களுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த நிரல் ஓட, எங்கள் பெயர்ப் பதிவில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்தப் பெயர் எங்களுடையதுதான் என்பதற்கு அது அத்தாட்சி. அதை அழித்தேன். எச்சரிக்கை மின்னஞ்சல்களையும் நிறுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கெடு முடிந்தது. பொத்தான்கள் ஊமையாகின. ஒன்பதரைக்குத்தான் புயல் ஒரு அப்டேட் போட்டிருந்தாள். அதில்தான் கோளாறு என்று நினைத்து அதை எடுத்தாள், மறுபடி போட்டாள், மறுபடி எடுத்தாள். நான் என் இடத்திலேயே இருந்தேன். இரண்டு நிமிட வேலை. கேட்டிருந்தால் அப்போதே செய்திருப்பேன். கேட்கவில்லை.

பத்து நாற்பதுக்கு மேலாளர் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்கதான் கொஞ்சம் பாக்கணும்."

அந்த வரியை மறுபடி எழுதினேன். நிரல் ஓடிச் சான்றிதழைப் புதுப்பித்தது. எல்லாம் சரியாயிற்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற புயலுக்கு அழுகை நிற்கவில்லை.

"எங்க தப்பு பண்ணேன்னே தெரியலண்ணா."

"விடும்மா. எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன்.

அந்த நாற்பது நிமிடத்தில் பதினேழு பேர் அழுத்தியிருந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒரு ஆசிரியை அறுபத்திரண்டு தடவை அழுத்தியிருக்கிறார். சாதனம் எண்ணி வைத்திருந்தது. புயலை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவளுக்கு அடுத்த இடத்தில் வேலை கிடைக்க நானே நல்லவிதமாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் பழைய பொறுப்பு என்னிடமே வந்தது.

உயிர் போகும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். சத்தியமாக இல்லை, ஐயா. நாற்பது நிமிடத்தில் யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் மனதார நம்பினேன். என் அம்மாவின் கழுத்திலும் அதே பொத்தான்தான். அம்மா நன்றாக இருக்கிறார். முந்தின நாளே தங்கையிடம், செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு மதியம்வரை அம்மா பக்கத்தைவிட்டு நகராதே என்று சொல்லியிருந்தேன்.