வாந்தி பார்க்க ஒரு பஸ் பயணம்

"பாப்பா வாந்தி எடுக்காம டவுனுக்குப் போயிட்டா, கடைக்குப் பக்கத்து வீட்டையே முடிச்சிடலாங்க" என்றாள், கீழ்பென்னாத்தூரில் புருஷனோடும் மகளோடும் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த பெண். பின்னால் இருந்த நான் காலைச் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அவள் புருஷனுக்குக் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை. மகளைச் சேர்க்க நினைக்கும் நல்ல பள்ளிக்கூடம் திருவண்ணாமலையில்.

"டவுன்லயே குடி போனா, கடைக்கு நான் தினம் பஸ்ல வரணும்" என்றார் அவர். "யாராவது ஒருத்தர் அலைஞ்சுதான் ஆவணும்."

"அதுக்குச் சின்னப் புள்ளைய அலைய வுடறதா?"

"அதான இன்னிக்கு பாத்துடலாம்னு கூட்டினு வந்தேன்."

பஸ் குலுங்கும்போதெல்லாம் எனக்குப் பக்கென்றது. அந்தச் சிறுமியோ ஜன்னலோரம் எகிறிக் குதித்தாள். "அம்மா, மலை கிட்ட வந்துடுச்சு!"

"ஏங்க, இன்னாங்க மூஞ்சி வெளுத்துடுச்சு?"

அவர், மகளுக்கென்று கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி மோந்து பார்த்தார். பிறகு மகளை நகர்த்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் அவர் முதுகை நீவிவிட்டபடியே அவள் சிரித்தாள். "வீடு கீழ்பென்னாத்தூர்லயே இருக்கட்டுங்க. தினம் பஸ் ஏற நம்ம பாப்பாதான் லாயக்கு."