பள்ளித் தொட்டியில் பூத்த ஆகாயத்தாமரை

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை நிர்மலாதேவி அம்மா அவர்களே, பெற்றோர் சங்கத் தலைவர் தில்லைநாயகம் அண்ணாச்சி அவர்களே, தென்காசியிலிருந்தும் அச்சன்புதூரிலிருந்தும் கலங்கிய கண்களோடு வந்திருக்கும் பெரியோர்களே, என் தோழர்களே! வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு யோகலட்சுமி.

ஓவியரும் சூழலியல் ஆசிரியருமான சண்முகசுந்தரி மிஸ் சென்ற வாரம் மாரடைப்பால் நம்மை விட்டுப் பிரிந்தார். ஓவியர் என்றால் சுவரில் படம் மாட்டுகிறவர் என்று நினைத்திருந்தோம். அவரோ சனிக்கிழமைதோறும் எங்களைக் குளத்துக்கும் வயலுக்கும் கூட்டிப்போனார். தொட்டுப் பார், முகர்ந்து பார், கடைசியில்தான் வரை என்பார். கரை மண்ணையே பசையில் குழைத்து வண்ணமாக்கித் தருவார். எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது இது?

ஒருநாள் அச்சன்புதூர் பக்கம் ஒரு குளக்கரையில் ஆகாயத்தாமரையை வரைந்தோம். அந்த ஊதாப்பூவில் மயில்தோகைக் கண்போல ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். என் தோழி சுகந்தி மயங்கிப்போனாள். "மிஸ், இத நம்ம பள்ளிக்கூட மீன்தொட்டில போடட்டுமா?" என்று கேட்டாள். அது குளத்தையே மூடிவிடும் களை என்று மிஸ்ஸுக்குத் தெரியும். "போட்டுத்தான் பாரேன்" என்றார்.

போட்டோம். பூத்தது! பள்ளியே வேடிக்கை பார்த்தது. காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது தொட்டியில் தண்ணீரே தெரியவில்லை. "ஏட்டி சுகந்தி, ஒன் பூவு தொட்டியவே முழுங்கிட்டுல்லா!" என்று எங்கள் வகுப்பு பாரூக் கேலி செய்தான். சிரித்துக்கொண்டே செடிகளை இழுத்தோம். அடியில் காற்றுக் கிடைக்காமல் கெண்டைக் குஞ்சுகள் செத்துக் கிடந்தன.

சுகந்தி அழுதுகொண்டே கேட்டாள்: "ஒங்களுக்குத் தெரியும்லா மிஸ்? மொதல்லயே ஏன் சொல்லல?"

மிஸ் கோபப்பட்டாரா? சமாளித்தாரா? இல்லை! ஈரத் தரையில் எங்களோடு உட்கார்ந்தார்.

"சொல்லியிருக்கணும் பிள்ள. நீங்களா கண்டுபிடிக்கட்டும்னு இருந்துட்டேன். மீன நெனைக்கல. நம்ம படிப்புக்கு இன்னொரு உயிரு பீஸ் கட்டக் கூடாது."

மாணவர்கள் முன் இப்படிச் சொல்ல எத்தனை பெரிய மனது வேண்டும்! அதற்குப் பிறகு எங்கே போனாலும், எதையும் தொடுவதற்கு முன் "இதுனால யாருக்கு வலிக்கும்?" என்று கேட்பார். நாங்கள் யோசித்துப் பதில் சொல்லும்வரை காத்திருப்பார். சில நாள் அதிலேயே வகுப்பு முடிந்துவிடும்.

வருகிற சனிக்கிழமை குற்றாலம் கூட்டிப்போவதாக மிஸ் சொல்லியிருந்தார். அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டுமாம்! குளித்துவிட்டுப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் ஷாம்பு பாக்கெட்டையும் எண்ணெய்ப் பாட்டிலையும் வரைய வேண்டுமாம்.

இப்போது அந்த வகுப்பே வேண்டாம் என்று பேச்சு வந்திருக்கிறது. சற்றுமுன் வாசலில் அண்ணாச்சி சொன்னது என் காதில் விழுந்தது: "டீச்சரே போயிட்டாவ. இனி தண்ணி பக்கம் பிள்ளையள யாரு பாத்துக்கிடுவா?"

உங்கள் பயம் நியாயமானது அண்ணாச்சி. அதற்காக எங்கள் சனிக்கிழமைகளையும் அவரோடு சேர்த்து அடக்கம் செய்துவிட வேண்டுமா?

தலைமையாசிரியை அம்மா, உங்கள் அனுமதியைக் கேட்டு நிற்கிறோம். அருவியில் இறங்க மாட்டோம். பாதையோரம் உட்கார்ந்தே வரைவோம். வரைந்த குப்பையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டுதான் திரும்புவோம். இது எங்கள் உறுதிமொழி. பெற்றோர்களே, காவலுக்கு நீங்களும் வாருங்கள்! வந்தால் சும்மா நிற்க விடமாட்டோம், உங்களுக்கும் தாளும் பென்சிலும் வைத்திருக்கிறோம்.

சண்முகசுந்தரி மிஸ், இந்தச் சனிக்கிழமை உங்களுக்கு விடுமுறை. எங்களுக்கு இல்லை.