மூடி லேசா ஆடுது

— இதப் பாரு ரவி, இந்த ஓரத்துல நகத்தை வை. உள்ள போகுதா?

— போகுது. அதுக்கு?

— போகக் கூடாது. இந்தப் பக்கம் வை. போகல, பாரு. புது லேப்டாப்பு, ஒரு பக்கம் வாயைத் தொறந்துகிட்டு நிக்குது.

— அங்க யாரும்மா நகத்தை விடப் போறா? என் ஆட்டோவுல கையே போற ஓட்டை இருக்கு. நேத்துகூட எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் போயிட்டு வந்துச்சு.

— உன் ஆட்டோ கதை வேணாம். மூடியைப் பாரு. டைப் பண்ணினா லேசா ஆடுது. நான் பாட்டுக்கு பேசிகிட்டு இருக்கேன், ஸ்கிரீன்ல என் மூஞ்சி ஆடுது.

— யாருகிட்ட பேசினே?

— யாருகிட்டயும் இல்ல. சும்மா கேமராவை ஆன் பண்ணிப் பாத்தேன், ஓகேவா? மூஞ்சி வேற நீலமா தெரியுது. செத்தவ மாதிரி.

— சும்மா எதையாவது சொல்லாத, தாரு. எவ்ளோ நாள் கழிச்சு ஒருத்தன் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கான். மத்தியானம் மூணு மணிக்கு நீ உக்காரணும். இப்பப் போய் நகம் போகுது, மூடி ஆடுதுங்கறே.

— ரிட்டர்ன் பண்ண இன்னிக்குதான் கடைசி நாள். எடுத்துட்டுப் போக ஆளு இப்ப வந்துடுவான். குடுத்துடலாம்.

— குடுத்துட்டு? என் போன்லயா இன்டர்வியூ பண்ணுவே? ஸ்கிரீன் முழுக்க விரிசல். மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் தெரியும்.

— பரவால்ல. இது வீட்டுல இருக்க வேணாம்.

— அட, என்னம்மா பேஜாரு உனக்கு? மூடிதானே? சிவாஜிநகர்ல நம்ம பாய் கடையில குடுத்தா ரெண்டு திருகுல டைட் பண்ணிடுவாரு.

— புதுசை எதுக்கு டைட் பண்ணணும்? நான் டெஸ்டரு ரவி. தப்பு கண்டுபிடிக்கத்தான் எனக்கு சம்பளம் குடுத்தாங்க. எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். ரிட்டர்ன் எடுத்துதான் ஆகணும்.

— எடுக்க மாட்டாங்க.

— ஏன் எடுக்க மாட்டாங்க?

— அடியில திருப்பிப் பாத்தியா?

— என்ன இது? பிசுபிசுன்னு ஒட்டுது!

— வந்த அன்னிக்கு பூஜை போட்டேன்ல. ஆட்டோவுக்குன்னா டயருக்கு ஒரு எலுமிச்சம்பழம். இதுக்கு நாலு கால், அதனால நாலு பழம் வெச்சேன். வண்டி மாதிரி ஏத்தி எறக்க முடியாதே, மேலருந்து அமுக்கினேன்.

— அமுக்கினியா?

— மெதுவாத்தான். சாறு பட்டு ஒரு ரப்பர் கால் கழண்டுகிச்சு. பசை போட்டு ஒட்டிட்டேன்.

— அதான் டேபிள்ல நொண்டுதா? ஸ்பீக்கர் ஓட்டையில குங்குமம் வேற! ஐயோ ரவி!

— உனக்கு வேலை கெடைக்கணும்னுதானே செஞ்சேன். திட்டணும்னா திட்டிடு.

— திட்டல.

— திட்டினாக்கூட பரவால்லம்மா. நேத்து சாயந்திரத்துல இருந்து நீ சரியா சாப்பிடல, மூஞ்சி குடுத்துப் பேசல. இந்த டப்பாவையே தடவித் தடவிப் பாத்துகிட்டு இருக்கே. எனக்கு பயமா இருக்கு.

— ஸ்பேஸ் பாரும் லொடலொடன்னு சத்தம் போடுது. கேக்குதா? வலது பக்கம் மட்டும்.

— அதை விடு. உனக்கு பயம், அவ்ளோதானே? நான் எல்லாம் பாத்துக்கிட்டேன். மேல் வீட்டு வனஜாக்கா கிட்ட இன்னிக்கு டிரில்லு போட வேணாம்னு சொல்லிட்டேன். பாப்பாவை எங்கம்மா அல்சூர் ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அந்த நீல சுடிதாரை இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன். சவாரிக்கும் லீவு.

— லீவா? ஏன் ரவி இதெல்லாம் பண்றே?

— வேற எதுக்கு? நீ அழுதுகிட்டே தூங்கறதை இத்தனை மாசம் பாத்தாச்சு. போதும். வா, இப்படி உக்காரு. ஒரு தடவை பேசிப் பாத்துடலாம். நான்தான் மேனேஜரு.

— வேணாம்.

— குட் ஆஃப்டர்நூன் மேடம். பழைய கம்பெனியில உங்களை ஏன் அனுப்பினாங்க?

— வேணாம்னு சொல்றேன்ல, ரவி.

— ரவி இல்ல மேடம், சார்னு சொல்லணும். பயப்படாம பதில் சொல்லுங்க.

— இன்டர்வியூவை நேத்தே வெச்சுட்டாங்க ரவி, நீ எலக்ட்ரானிக் சிட்டி போயிருந்தப்ப. முதல் கேள்வியே இதான். லேப்டாப்பு கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, எனக்குத்தான் வாயே வரல.